டெல்லிக் குளிர்காலப் புகை: மூடி மட்டுமா, உள்ளே சமையலுமா?

மேட்டூர்க்காரன்:
குளிர்காலத்தில் டெல்லிப் புகை ஏன் இப்படிக் கூடுகிறது என்று வருஷா வருஷம் இதே பஞ்சாயத்து. காற்றிலேயே வேதிவினையால் புதுத் துகள் உருவாகிறது என்கிறீர்கள். மே மாதப் பகலில் தரை கொதிக்கிறது, காற்று இரண்டு மூன்று கிலோமீட்டர் உயரம் வரை புரண்டு கலக்கிறது. ஜனவரி இரவில் தரை முதலில் குளிர்ந்துவிடும்; மேலே நிற்கும் வெதுவெதுப்பான காற்று மூடி போட்டுவிடும். கொந்தளிப்பு அடங்கி, புகை மொத்தமும் ஒன்றிரண்டு நூறு மீட்டருக்குள் அடைபடுகிறது. அதே புகை, சின்ன அறை. இதில் வேதியியலை எதற்கு இழுக்கிறீர்கள்?

கண்ணாடிக்குடுவை:
அண்ணே, மூடி உண்மை. "அதே புகை" என்பதுதான் தப்பு. வெறும் மூடி என்றால் கரித்துகள் எத்தனை மடங்கு கூடுகிறதோ, காற்றிலேயே உருவாகும் நைட்ரேட் துகளும் அத்தனை மடங்குதானே கூட வேண்டும்? அப்படி இல்லை. அம்மோனியாவும் நைட்ரிக் அமில ஆவியும் சேர்ந்து உருவாகும் அம்மோனியம் நைட்ரேட் கற்பூரம் மாதிரி. வெயிலேறினால் வந்த வழியே வாயுவாகப் பிரிந்துவிடும். குளிரும் ஈரமும் இருந்தால் துகளாகவே நின்று பி.எம். 2.5 (2.5 மைக்ரானும் அதற்குச் சிறியதுமான நுண்துகள்) கணக்கில் ஏறும்.

மேட்டூர்க்காரன்:
கந்தகத்திலிருந்து வரும் சல்பேட் துகள் அப்படி ஆவியாகாதே தம்பி. 1952 டிசம்பரில் லண்டன் மூச்சுத்திணறியது நிலக்கரிக் கந்தகத்தால். அங்கே மூடியைத் தவிர வேறென்ன?

கண்ணாடிக்குடுவை:
லண்டனை நீங்களே எடுத்துக் கொடுக்கிறீர்கள்! புகைபோக்கியில் பெரும்பாலும் சல்பர் டை ஆக்சைடு வாயுவாகத்தான் வந்தது. அதைக் கந்தக அமிலமாக்கியது பனிமூட்டத் துளி. மூடிக்குள்ளே சமையல்.

முனிர்க்காவாசி:
நான் டெல்லியில் 11 வருஷம். ஜனவரி காலை 5 மணிக்கு எதிர்மாடித் தண்ணீர்த்தொட்டி தெரியாது. சரி, வெயில் வந்தால் காற்று கலந்து தெளிய வேண்டும் அல்லவா? 9 மணிக்குத்தான் தொண்டை இன்னும் அதிகமாகக் கரகரக்கிறது. தொட்டி கண்ணில் படவே மதியமாகிவிடும். ஏன்?

கண்ணாடிக்குடுவை:
வாகன நெரிசல் ஒரு பங்கு. இன்னொன்று, இரவில் மூடிக்கு மேலே முந்தைய பகலின் காற்று தனியாக மிதக்கிறது. அங்கே நைட்ரஜன் ஆக்சைடும் ஓசோனும் சேர்ந்து இருட்டிலேயே நைட்ரேட் தயாராகும். காலையில் கொந்தளிப்பு திரும்பியதும் அது கீழே இறங்கும். கலிபோர்னியாவின் சான் வாகீன் பள்ளத்தாக்கில் 2013 குளிர்காலத்தில் நாசா விமானம் பறந்து அளந்ததில் இது தெரிந்தது. கலக்கும் காற்று எப்போதும் துடைப்பம் இல்லை.

மேட்டூர்க்காரன்:
அது கலிபோர்னியா. டெல்லி வண்டிகள் கக்கும் நைட்ரிக் ஆக்சைடு இரவில் ஓசோனைத் தின்றுவிடும். பிறகு எதை வைத்துச் சமைப்பது?

கண்ணாடிக்குடுவை:
தரையருகே நீங்கள் சொல்வது சரி, அதனால்தான் "மேலே" என்றேன். டெல்லியில் எவ்வளவு என்று நானும் சத்தியம் செய்யமாட்டேன். ஆனால் டெல்லிக்கே உரிய சரக்கு ஒன்று உண்டு: குளோரைடு. சென்னை ஐஐடி குழுவினர் 2021-ல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். பிளாஸ்டிக் கலந்த குப்பையை எரிப்பதாலும் தொழிற்சாலைகளாலும் வந்திருக்கக்கூடிய ஹைட்ரோகுளோரிக் அமில ஆவி, அங்கே மிதமிஞ்சியிருக்கும் அம்மோனியாவால் ஈரத்துகளில் கரைந்து நிற்கிறது. துகள் தண்ணீரை உறிஞ்சி உப்பிப் பெரிதாகிறது. பார்வைத்தூரம் குறைவதில் சுமார் பாதி இதனால் என்று அவர்கள் கணக்கு.

மேட்டூர்க்காரன்:
அப்போ குப்பை எரிப்பதை நிறுத்து என்பதுதானே? நானும் அடுப்பை அணை என்றுதான் சொல்கிறேன்.

கண்ணாடிக்குடுவை:
எந்த அடுப்பை என்று வேதியியல்தான் சொல்லும் அண்ணே. கரியை மட்டும் எண்ணினால் குளோரைடு கண்ணில் படாது.

முனிர்க்காவாசி:
எங்கள் தெருமுனைக் காவலாளி இரவெல்லாம் பால் கவரும் செருப்பும் போட்டுக் குளிர் காய்கிறார். ஹீட்டர் வாங்கிக் கொடுத்தோம். கரண்ட் பில் யார் கட்டுவது என்று குடியிருப்போர் சங்கத்தில் மூன்று வாரமாகச் சண்டை. நேற்று ராத்திரியும் செருப்புதான் எரிந்தது.