சிம்கோ ஏரியில் பேர்ச் மீன் பிடிக்கப் போகிறோம், உதவி வேணும்

வணக்கம். செப்டம்பர் கடைசியில் சிநேகிதர் ஒருவரின் 18 அடிப் படகில் குடும்பமாகக் கனடாவின் ஒன்ராறியோவிலுள்ள சிம்கோ ஏரிக்கு, கெம்பன்ஃபெல்ட் குடாப் பக்கம் போகிறோம். பெரியவர்கள் மூவர், பிள்ளைகள் இருவர் (8, 11 வயது). அனைவருக்கும் அளவான லைஃப் ஜாக்கெட் இருக்கிறது.

தூண்டில் கட்டு: 6 ராத்தல் தாங்கும் தங்கூசி (தூண்டில் நூல்), நுனியில் கால் அவுன்ஸ் ஈயம், அதற்கு ஒரு அடி மேலே 6ஆம் இலக்கக் கொக்கி. பேர்ச் பெரும்பாலும் தரையை ஒட்டியே திரியும். ஈயம் தட்டினதும் தங்கூசியை இறுக்கிப் பிடிக்கோணும். தொய்ந்தால் கடிப்பது கையில் தெரியாது, இரைதான் போகும். படகு காற்றில் நகர்ந்தால் ஈயமும் தரையை விட்டு எழும்பிவிடும், பிள்ளைகளால் சமாளிக்க ஏலாது. ஆகவே நங்கூரம்தான் முக்கியம். 25 அடி ஆழத்துக்கு 125 அடிக் கயிறாவது விட்டு, படகின் முன்னணியத்தில் (முன்பக்கம்) கட்டுவோம். பின்பக்கம் கட்டினால் அலை உள்ளே ஏறும், அது ஆபத்து.

கேட்க விரும்புவது:

சேற்றுத் தரையில் எந்த வகை நங்கூரம் நழுவாமல் பிடிக்கும்? எத்தனை ராத்தல்?

மேற்குக் காற்று குடாவின் நீளத்துக்கே ஓடிவரும். அப்படியான நாளில் ஏரியின் தெற்கிலுள்ள குக்ஸ் குடாவுக்கு மாறுவது நல்லதா?

ஆழத்திலிருந்து வரும் சிறிய மீன்கள் காற்றுப்பை ஊதிப்போய், திருப்பி விட்டாலும் தப்புவது கஷ்டம். ஆகவே ஆழம் குறைந்த இடத்தில் பிடிக்க விருப்பம். செப்டம்பரில் 30 அடிக்குள் பெரிய பேர்ச் கிடைக்குமா?