வெளியிணைப்பு இயந்திரத்துக்கு ‘எண்ணெய்மூட்டம்’: ஒரு சொற்பரிந்துரை

அன்புள்ள நண்பர்களுக்கு வணக்கம்.

படகின் பின்புறத்தில் மாட்டும் பழைய டூ-ஸ்ட்ரோக் வெளியிணைப்பு இயந்திரத்தை (outboard motor) சில மாதங்கள் ஓட்டாமல் வைப்பதற்கு முன் செய்யும் வேலைகளுக்கு, நம் சொற்பட்டியலுக்காகத் தமிழில் பெயர் தேடுகிறோம். மொத்த வேலைக்குக் ‘குளிர்காலமாக்கல்’ (winterizing) என்றும், அதன் நடுவே வரும் எண்ணெய் ஏற்றும் படிக்குப் ‘புகையூட்டல்’ (fogging) என்றும் இரு சொற்கள் வந்துள்ளன. இரண்டையும் ஏற்க எனக்குத் தயக்கம் உண்டு. காரணங்களைச் சற்று விரிவாகச் சொல்கிறேன்.

ஒன்ராறியோவின் ஏரிகள் உறையும் காலத்தில், கியர்ப் பெட்டிக்குள் தங்கிய நீர் பனிக்கட்டியாகி ஏறத்தாழ 9 விழுக்காடு விரியும். அலுமினியக் கூடு வெடிக்க அதுவே போதும். அங்கே குளிர்காலத்தின் பெயரால் அந்த வேலையை அழைப்பது பொருத்தம்தான். பருத்தித்துறையிலோ முல்லைத்தீவிலோ வாடைக்காற்றில் கடல் கொந்தளிக்கும்போது கரையேற்றப்படும் படகுக்கு உறைபனி ஒரு பொருட்டே அல்ல. அங்கே இயந்திரத்தை அரிப்பது உப்பு. இரு ஊர்க்காரரும் செய்யும் வேலை பெரும்பாலும் ஒன்றே என்பதால், பருவத்தைச் சுட்டாமல் நோக்கத்தைச் சுட்டும் ‘ஓய்வுக்காப்பு’ என்ற சொல்லை முன்வைக்கிறேன். ‘பராமரிப்பு’ மிகப் பொதுவான சொல். மாதந்தோறும் ஸ்பார்க் பிளக் துடைப்பதும் பராமரிப்புத்தான்.

இரண்டாவது சொல்லான ‘புகையூட்டல்’ என்பதில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் எண்ணெய்த் தொட்டி உண்டு. டூ-ஸ்ட்ரோக்கில் அது இல்லை. பெட்ரோலுடன் ஐம்பதுக்கு ஒன்று, மிகப் பழையவற்றில் இருபத்து நான்குக்கு ஒன்று என்ற அளவில் கலந்த எண்ணெய்தான் பிஸ்டனுக்குக் கீழுள்ள கிராங்க் அறைக்குள் காற்றோடு சென்று பேரிங்குகளையும் பிஸ்டனையும் நனைக்கிறது. எஞ்சின் நின்றதும் பெட்ரோல் ஆவியாகிவிடும்; மிஞ்சும் மெல்லிய எண்ணெய்ப் படலமும் நாளடைவில் வழிந்து கீழே இறங்கிவிடும். அதன்பின் உப்புக் காற்றின் ஈரம் வெறும் எஃகின் மேல் படிகிறது. இணைப்புத் தண்டின் அடியிலுள்ள நீடில் பேரிங்கில் ஒரு சிறு துருப்புள்ளி விழுந்தாலே, அடுத்த பருவத்தில் முழு வேகத்தில் ஓடும்போது அந்தப் பேரிங் சிதையக்கூடும். பிளக்கைக் கழற்றி எவ்வளவு எண்ணெய் ஊற்றினாலும் அது பெரும்பாலும் பிஸ்டனின் மேற்பக்கத்தோடு நின்றுவிடும். பேரிங் இருப்பதோ பிஸ்டனுக்குக் கீழே. அதனால்தான் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, காற்றையும் பெட்ரோலையும் கலக்கும் கார்புரேட்டரின் வாயில் எண்ணெயைப் பீய்ச்சி, அது உள்ளிழுக்கும் காற்றே எண்ணெயை நுண்துளிகளாகச் சுமந்து சென்று எல்லா இடுக்குகளிலும் படியச் செய்கிறார்கள்.

இங்கே புகை என்பது பின்விளைவு மட்டுமே. எண்ணெய் போதிய அளவு உள்ளே போனதும் வெளியேற்றும் வாயில் வெண்புகை அடர்ந்து வரும். அது அளவு காட்டும் அடையாளம். அதையே பெயராக வைத்தால், புதிதாகப் படிப்பவர் உள்ளே புகையைச் செலுத்த வேண்டும் என்று எண்ணுவார். மேலும் புகையூட்டல் என்பது மீன் பதப்படுத்துவோர் ஏற்கெனவே ஆளும் சொல். கடற்கரைச் சூழலிலேயே ஒரு சொல்லுக்கு இரு பொருள் வேண்டியதில்லை. ‘எண்ணெய் தெளித்தல்’ என்பதை ஒருவர் மூடியைத் திறந்து எஞ்சினின் வெளிப்புறத்தில் தெளிப்பதாகவும் கொள்ளலாம். மேகமூட்டம், பனிமூட்டம் என்று காற்றில் மிதக்கும் நுண்துளிகளை நாம் ‘மூட்டம்’ என்றே வழங்கிவருகிறோம். ஆகவே ‘எண்ணெய்மூட்டம்’ என்பதும், வினையாக ‘எண்ணெய்மூட்டமிடு’ என்பதும் எனக்கு நிறைவளிக்கின்றன. எண்ணெய் எந்த வடிவில் உள்ளே போகிறது என்பதைச் சொல்லே காட்டிவிடுகிறது.

இச்சொல்லைச் செய்முறை வாக்கியத்தில் வைத்துப் பார்ப்போம்: “நன்னீரில் ஓட்டிக் கழுவியபின், எரிபொருட் குழாயைக் கழற்றி, கார்புரேட்டரில் எஞ்சிய பெட்ரோல் தீரும் முன்பே எண்ணெய்மூட்டமிடுக.” இந்த வரிசை முக்கியமானது. பெட்ரோல் முழுவதும் தீர்ந்து எஞ்சின் தானாக நிற்கும்வரை வெறுமனே விட்டால், கடைசிச் சுழற்சிகள் எண்ணெயே இல்லாமல் நடக்கும். எண்ணெய் மிகுந்து எஞ்சின் திணறி நின்றபின், பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் வயர்களை எஞ்சின் உடலோடு எர்த் செய்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிது எண்ணெய் விட்டு, எஞ்சினைக் கிளப்பும் கயிற்றை மெல்ல இரண்டு மூன்று முறை இழுத்தால், பிளக் துளை வழியே எண்ணெய் துளித்துளியாகத் தெறிக்கும். இந்தப் படியையும் அதே சொல்லுக்குள் அடக்கலாமா என்று கேட்பீர்கள். வேண்டாம், இது சிலிண்டருக்கு எண்ணெய் விடுதல், அவ்வளவே. மூட்டம் சென்று சேரும் இடம் வேறு.

டேங்கில் மிஞ்சும் கலவையை வெளியேற்றுவதற்குத் தனிச்சொல் தேவையில்லை. ஆனால் விளக்கக் குறிப்பில் ஒன்றைச் சேர்க்கக் கேட்டுக்கொள்கிறேன்: எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை உறிஞ்சி, ஓர் அளவுக்கு மேல் நீரும் எத்தனாலுமாகப் பிரிந்து அடியில் தங்கும். டூ-ஸ்ட்ரோக் எண்ணெய் மேலடுக்குப் பெட்ரோலோடு நின்றுவிடுவதால், டேங்கின் அடியிலிருந்து முதலில் எஞ்சினுக்குள் போவது எண்ணெயற்ற நீர்மமாகவே இருக்கும்.

கியர் எண்ணெய்க்கும் புதுச்சொல் வேண்டியதில்லை. வடித்த எண்ணெய் பால்போல் வெளுத்திருந்தால், தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் சீல் வழியே நீர் புகுந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் தண்டில் சுற்றிய தங்கூசி நூல் (நைலான் தூண்டில் நூல்) சீலை அறுத்திருக்கும். புதிய எண்ணெயைக் கீழ்த்துளை வழியே, மேல்துளையில் வழியும்வரை ஏற்றி, முதலில் மேல் திருகையும் பின்னர் கீழ்த் திருகையும் பூட்ட வேண்டும். இதை ‘ஓய்வுக்காப்பு’ என்னும் தலைச்சொல்லின் கீழ் ஒரு படியாகவே சேர்த்துவிடலாம்.