ஏலெவல விட்டுட்டு கேம் ஆடப் போறானாம் தம்பி, இதுல தொழில் இருக்கா?

தலவாக்கல_பொண்ணு:
எல்லாருக்கும் வணக்கம். நான் கொழும்புல ஒரு ஒபிஸ்ல வேலை, வீடு தலவாக்கல பக்கம் தேயிலத் தோட்டத்துல. தம்பிக்கு 17, ஓலெவல் பரீட்சை ஓரளவுக்கு பாஸ், அதுக்கு மேல ஏலெவல் ஆர்ட்ஸ்ல சேத்து விட்டேன், ஒரு தவணை போனான், இப்ப பப்ஜி மொபைல்ங்கிற துப்பாக்கிச் சண்ட கேம்ல காசுக்கு ஆடுற ப்ரோ ப்ளேயர் ஆகப்போறேன்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். போன் வாங்கிக் குடுத்தது நான்தான், அதனால அம்மாகிட்ட ஏச்சும் எனக்குத்தான். லயத்து வீட்டுல சிக்னல் இல்லன்னு மேல தண்ணி டேங்கிக்கு பக்கத்துல உள்ள கல்லுல போர்வைய போத்திக்கிட்டு ராத்திரி பதினொரு மணி வரைக்கும் உக்காந்திருக்கான், பனியில போன் சூடாகாதாம், அது ஒரு வசதியாம். அட்டை ஏறிக் கடிச்சாகூட தெரியாது அவனுக்கு. ஏதாவது கேட்டா "2019ல 16 வயசுப் பையன் ஃபோர்ட்நைட்ங்கிற கேமோட வேர்ல்ட் கப்ல தனியாளா 30 லட்சம் டொலர் அடிச்சான், நீ எத்தன வருஷம் ஒபிஸ் போனா அது வரும்"ங்கிறான். எனக்கு பதில் வரல. தெரிஞ்சவங்க சொல்லுங்க.

சோக்கட்டி_மாஸ்டர்:
தங்கச்சி, நான் ஹட்டன் பக்கம் 19 வருஷமா படிப்பிக்கிறேன். முந்தி ஓலெவல் முடிஞ்ச கையோட கொழும்புல கடைக்கு வேலைக்கு போயிருவானுங்க, வகுப்புல பாதி பெஞ்சு காலி. இப்ப கடைக்குப் பதிலா போன், பெஞ்சு அதே மாதிரி காலி. அந்த 30 லட்சம் டொலர் கத உண்மைதான், ஆனா அந்த வருஷம் அதுக்குத் தெரிவாகுற குவாலிஃபையர்ல ஆடினது நாலு கோடி பேருக்கு மேலன்னு கம்பனியே சொல்லியிருக்கு. அந்த நாலு கோடியில மத்தவங்க என்ன ஆனாங்கன்னு தம்பிகிட்ட கேளுங்க. போன பிடுங்கி வைங்க, ஸ்கூலுக்கு அனுப்புங்க.

பந்தாரவள_கமெண்ட்ரி:
மாஸ்டர், கணக்கு சரி, முடிவு பிழை. ப்ளேயர் ஆகுறது மட்டும்தான் இதுல தொழில்னு நீங்களும் நெனக்கிறீங்க, தம்பியும் நெனக்கிறான், ரெண்டு பேரும் ஒரே தப்பத்தான் செய்றீங்க. நம்ம விளையாட்டு அமைச்சே 2019ல இஸ்போர்ட்ஸ, அதாவது கேம் போட்டிய, விளையாட்டுன்னு ஏத்துக்கிட்டாச்சு, 2023ல ஹாங்சோ ஆசிய விளையாட்டுல ஏழு பிரிவுக்கு பதக்கமே குடுத்தாங்க. ஒரு மேட்ச் நடக்கணும்னா ஆடுறவன் மட்டும் போதுமா? அட்மின், ரெஃப்ரி, கமெண்ட்ரி, எடிட்டர், போஸ்டர் அடிக்கிறவன், டீமுக்கு கோச், அனலிஸ்ட் எல்லாம் வேணும்.

ஒப்சேர்வர்னு ஒரு வேலை இருக்கு, யாருக்கும் தெரியாது. பப்ஜி மொபைல் டோர்னமென்ட்ல 16 டீம், 64 பேர், அரை மணித்தியாலம் மாதிரி போகும். லைவ்ல நீங்க பாக்குறது அந்த 64 பேர்ல யாரோட கெமராங்கிறத முடிவு பண்றவன்தான் ஒப்சேர்வர். சண்டை தொடங்குனதுக்கு அப்புறம் போனா லேட்டு. ஆடுற எடத்த சுருக்கிக்கிட்டே வர்ற வட்டம் எங்க போகுது, எந்த டீமுக்கு வண்டி இல்ல, யாரு மேட்ட பிடிச்சிருக்கான்னு மேப்ப பாத்துக்கிட்டே இருந்து, வெடி கேக்குறதுக்கு ரெண்டு செக்கனுக்கு முந்தியே அங்க போயி நிக்கணும். நல்லா ஆடத் தெரிஞ்சவனுக்குத்தான் அது வரும். ராத்திரி பூரா கல்லுல உக்காந்திருக்கிற உங்க தம்பிக்கு அந்த மூளை இருக்கலாம்.

பழைய_ஸ்னைப்பர்:
நல்லா அடிச்சி விடுறீங்க அண்ணே. நான் மூணு வருஷம் டீம்ல ஆடுனவன், இப்ப பதுளையில போன் ரிப்பேர் கடையில நிக்கிறேன், என் கதையையும் கேளுங்க. ஒரு ஒன்லைன் டோர்னமென்ட்ல மூணாவது வந்தோம், பரிசு காசு "அடுத்த கிழம, அடுத்த கிழம"ன்னு எட்டு மாசம், கடைசியில நடத்துனவங்க குரூப்பையே அழிச்சிட்டு போயிட்டாங்க. எழுத்துல ஒண்ணும் வாங்கி வைக்கல, யாருகிட்ட போயி கேக்க?

தங்கச்சி, உங்க அம்மா மலைக்கு கொழுந்து பறிக்கப் போறவங்களா இருந்தா வெளங்கும். கிலோ கொறஞ்சா அரைப்பேராவது, அதான் அரை நாள் சம்பளமாவது, போடுவாங்க. இங்க அரைப்பேரும் கெடையாது. ஒரு மேட்ச்ல மொத எடத்துக்கு 10 பொயின்ட், ரெண்டாவதுக்கு 6, அப்பிடியே எறங்கி ஏழாவதுக்கும் எட்டாவதுக்கும் ஒவ்வொண்ணு, ஒம்பதுல இருந்து பதினாறு வரைக்கும் சைபர். கில் எடுத்தா, அதாவது எதிரி ஒருத்தன விழுத்தினா, ஒவ்வொண்ணு, அவ்வளவுதான். நாங்க எத்தனயோ நாள் ஒம்பதாவது.

இன்னொன்னு, கேமே உனக்கு சொந்தமில்ல. கிரிக்கெட்ட யாரும் ஒரு ராத்திரியில நிப்பாட்ட முடியாது. 2020 செப்டெம்பர்ல இந்தியாவுல பப்ஜி மொபைல தடை பண்ணப்போ அங்க சம்பளத்துக்கு ஆடிக்கிட்டிருந்த பசங்க மறுநாள் காலையில என்ன செஞ்சிருப்பாங்க?

பனிமூட்டம்:
எங்க லைன்ல காத்தடிச்சா கரண்டு போகும், மழை பெஞ்சா சிக்னல் போகும், ரெண்டும் இருந்தா போனுக்குப் போட்ட ரீலோட் காசு முடிஞ்சிரும். இதுல ப்ரோ ப்ளேயராம் 😂

பந்தாரவள_கமெண்ட்ரி:
ஸ்னைப்பர் தம்பி, உங்களுக்கு நடந்தது அநியாயம், அத நான் மறுக்கல. ஆனா நீங்க சொல்றது எல்லாம் ப்ளேயர் கதை, நான் சொன்னதுக்கு பதில் இல்ல. நான் பெரிய சம்பளக்காரன் இல்ல, பகல்ல எங்க மாமா கடையில போட்டோ கொப்பி அடிக்கிறேன். ஆனா போன வருஷம் மூணு நாள் டோர்னமென்ட்டுக்கு தமிழ்ல கமெண்ட்ரி குடுத்து 25,000 ரூபா கையில வாங்கினேன், பாதி முன்பணம், வட்ஸ்அப்ல எழுதி வாங்கிட்டுத்தான் மைக்கையே தொட்டேன். சிங்களத்துல, இங்கிலீஷ்ல பேச ஆள் இருக்கு, தமிழ்ல விறுவிறுப்பா பேசுற ஆள் தேடுறாங்க.

சோக்கட்டி_மாஸ்டர்:
வருஷத்துல எத்தன தடவ அந்த 25,000 வந்துச்சு தம்பி?

பந்தாரவள_கமெண்ட்ரி:
நாலு தடவ. அதான் போட்டோ கொப்பியும் அடிக்கிறேன்னு சொன்னேனே மாஸ்டர், மறைக்கலயே.

சோக்கட்டி_மாஸ்டர்:
அப்ப அத தொழில்னு சொல்லாதீங்க, கைச்செலவுக்கு வருமானம்னு சொல்லுங்க. பெரிய கம்பனியில உள்ளவங்களுக்கே நிச்சயம் இல்ல. 2024 ஜனவரியில மைக்ரோசொஃப்ட் கேமிங் பக்கம் மட்டும் 1,900 பேர வீட்டுக்கு அனுப்புனாங்க. டோட்டாங்கிற கம்ப்யூட்டர் கேமோட உலகப் போட்டிக்கு 2021ல நாலு கோடி டொலர் பரிசுன்னு பசங்க வகுப்புல பேசுனாங்க, 2023ல அதே போட்டி 30 லட்சத்து சொச்சத்துக்கு வந்துருச்சு. ரெண்டே வருஷம். தேயிலை வெலைகூட இப்பிடி விழல.

பழைய_ஸ்னைப்பர்:
மாஸ்டருக்கு டோட்டா எல்லாம் தெரியுது, ஆச்சரியமா இருக்கு 😄

சோக்கட்டி_மாஸ்டர்:
புள்ளைங்க ஏன் வகுப்புல தூங்குதுன்னு தேடப் போயி தெரிஞ்சிக்கிட்டது.

பந்தாரவள_கமெண்ட்ரி:
மாஸ்டர், சரி, நெரந்தரம் இல்ல. நம்ம ஊர்ல எது நெரந்தரம்? தோட்டத்துல ஆயிரம் ரூபா நாள் சம்பளத்துக்கு எத்தன வருஷம் ரோட்டுல நின்னாங்க, 2021லதான் கெடச்சிச்சு. ஆனா எடிட்டிங் படிச்சவன் கேம் வேலை இல்லாட்டி கல்யாண வீடியோ வெட்டுவான், கோயில் திருவிழாவ லைவ் போடுவான். ப்ளேயருக்கு அந்த மாத்துவழி இல்ல, அவன் பழகுன துப்பாக்கிய வெளிய எங்க கொண்டு போவான். நான் பையன ஸ்கூல விட்டு நிக்கச் சொல்லல, அங்க மாஸ்டர் கட்சிதான் நானும். இங்கிலீஷும் சிங்களமும் இல்லாம ரூல்புக்கையும் வாசிக்க முடியாது, ஸ்பொன்சருக்கு மெயிலும் போட முடியாது. போன பிடுங்குறதுலதான் எனக்கு சம்மதமில்ல.

பழைய_ஸ்னைப்பர்:
போன பிடுங்குனா கூட்டாளி போன்ல ஆடுவான், அது நிச்சயம். நானும் அப்பிடித்தான் ஆடுனேன். தங்கச்சி, அவன ஒரு காசு டோர்னமென்ட் ஆட விடுங்க, ஆனா பரிசு முறைய எழுத்துல கேட்டு வாங்கச் சொல்லுங்க. பத்து மேட்ச்ல எத்தனாவது வந்தான்னு ஒரு கொப்பியில எழுதட்டும். சொல்லிக் கேக்காதவன் தன் கையெழுத்துல சைபர் சைபரா பாத்தா கேப்பான். நான் எழுதி வைக்கல, அதான் மூணு வருஷம் போச்சு.

தலவாக்கல_பொண்ணு:
எல்லாருக்கும் நன்றி. போயா (பௌர்ணமி) லீவுக்கு வீட்டுக்கு வந்தேன், எல்லாத்தையும் தம்பிக்கு வாசிச்சிக் காட்டினேன். ஒம்பதாவதுக்கு சைபர்னதும் மூஞ்சி மாறிப்போச்சு, அவன் டீமும் போன ரெண்டு தடவ பதினொண்ணாம் எடமாம், என்கிட்ட சொல்லவே இல்ல. கொப்பி வாங்கிக் குடுத்திருக்கேன். திங்கக்கெழம ஸ்கூலுக்கு போறேங்கிறான், மனசோட சொன்னானா தெரியல.

அந்த கமெண்ட்ரி விஷயத்த மட்டும் பிடிச்சிக்கிட்டான். நேத்து ராத்திரி ஒரு பழைய மேட்ச சத்தத்த நிப்பாட்டி வச்சிட்டு இவனே பேசி போன்ல ரெக்கோட் பண்ணினான். பக்கத்து லைன்ல இருந்து தாத்தா எந்திரிச்சி வந்து "யாருப்பா செத்தது, இப்பிடிக் கத்துறீங்க"ன்னு கேட்டாரு. அம்மா அடுப்படியில சிரிச்சிட்டாங்க, ரெண்டு மாசத்துக்கு அப்புறம்.

பந்தாரவள அண்ணே, அந்த ரெக்கோட அனுப்பவா?

பந்தாரவள_கமெண்ட்ரி:
அனுப்புங்க தங்கச்சி. தாத்தா பேசினத வெட்டிராதீங்க.