1970 சி10: கேபினுக்கு அடியில் ரப்பரா, பாலியா?

துருப்பிடித்தவன்:
வண்டி 1970 ஷெவர்லே சி10 பிக்கப், 127 அங்குல வீல்பேஸ். இருப்பது சான் அன்டோனியோவில். பழைய எஞ்சினை இறக்கிவிட்டு 2004 சில்வராடோவின் 5.3 லிட்டர் வி8 போட்டிருக்கிறேன். உயரத்தை முன்னால் 4, பின்னால் 6 அங்குலம் குறைத்தாயிற்று. கேபினுக்கும் ஃபிரேமுக்கும் (அடிச்சட்டம்) நடுவில் உட்காரும் மெத்தை, அதாவது கேபின் மவுண்ட் மட்டும் ஐம்பது வருடத்து ரப்பர். தொட்டால் கருப்புப் பொடி கையோடு வருகிறது. கேபினுக்கு நாலு, ரேடியேட்டர் சட்டத்துக்கு இரண்டு, ஆக ஆறு வாங்க வேண்டும். ரப்பரா, பாலியூரித்தேன் என்கிற கெட்டிப் பிளாஸ்டிக்கா (பாலி)? வாரத்தில் ஐந்து நாள் ஐ-35 நெடுஞ்சாலையில் வேலைக்குப் போகிற வண்டி இது.

கெட்டிக்காரன்:
பாலிதான், யோசிக்க என்ன இருக்கிறது? ரப்பரை ஓசோனும் ஆயிலும் தின்றுவிடும். டெக்சாஸ் வெயிலைச் சொல்லவே வேண்டாம். என் 1972 பிக்கப்பில் பாலி போட்ட அன்றே, முதல் வளைவிலேயே தெரிந்தது. முன்பெல்லாம் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் கேபின் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் வரும். அது போயே போய்விட்டது. கதவு சாத்தும் சத்தம்கூட மாறிவிட்டது.

நெடுஞ்சாலை:
கெட்டிக்காரரே, நீங்கள் ஒப்பிட்டது செத்துப்போன ரப்பரையும் புதுப் பாலியையும். புது ரப்பர் போட்டிருந்தாலும் கதவு அப்படித்தான் சாத்தியிருக்கும்.

மவுண்டுக்கு வேலை கேபினைப் பிடித்து வைப்பது மட்டுமல்ல, அதிர்வை வடிகட்டுவதும்தான். வி8 எஞ்சின் 2000 ஆர்பிஎம்மில் ஒரு சுற்றுக்கு நாலு முறை வெடிக்கிறது, அதாவது நொடிக்கு 133 அதிர்வு. கேபின் தன் மவுண்டின் மேல் தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. வருகிற அதிர்வு அதைப் போல 1.4 மடங்கைத் தாண்டினால்தான் மவுண்ட் அதைத் தடுக்கவே ஆரம்பிக்கும். மவுண்ட் இளக்கமாக இருந்தால் அந்த எல்லை கீழே இறங்கும். கெட்டியானால் மேலே ஏறும், தரை வழியாக வரும் 'ஊம்' சத்தமும் கூடும். தினமும் ஒரு மணி நேரம் அந்த ஊமோடு ஓட்டிப் பாருங்கள்.

கெட்டிக்காரன்:
எஞ்சின் அதிர்வைப் பிடிக்கத்தான் எஞ்சினுக்கென்று தனி மவுண்ட் இருக்கிறதே. ஹூஸ்டன் வரை என் மனைவி தூங்கிக்கொண்டே வருகிறார்.

நெடுஞ்சாலை:
ரோட்டு இரைச்சல் எஞ்சின் மவுண்ட் வழியாகவா வருகிறது? டயர், சஸ்பென்ஷன், ஃபிரேம், கேபின்: இதுதான் அதன் பாதை. வண்டியை 6 அங்குலம் இறக்கியவர் அநேகமாக பக்கச்சுவர் குட்டையான டயரும் போட்டிருப்பார். மீதி இருக்கிற ஒரே மெத்தை அந்த மவுண்ட்தான்.

கோன்இடிப்பவன்:
இரண்டு பேரும் தள்ளுங்கள். அலுமினியத் துண்டு போட்டு இறுக்கினால் கதை முடிந்தது. நான் ஆட்டோகிராஸ் (கோன்களுக்கு நடுவே வளைத்து ஓட்டும் பந்தயம்) ஓட்டுகிற வண்டியில் அப்படித்தான்.

நெடுஞ்சாலை:
உங்கள் ஃபிரேமை நாலு பக்கமும் தகடு வைத்து மூடியிருப்பீர்களே?

கோன்இடிப்பவன்:
ஆமாம், மூடியதுதான்.

நெடுஞ்சாலை:
அங்கேதான் வித்தியாசம். இவருடையது கம்பெனியில் வந்த திறந்த சி வடிவ ஃபிரேம். தீப்பெட்டியின் உள்தட்டை மட்டும் எடுத்து முறுக்கிப் பாருங்கள், துணி மாதிரி முறுக்கும். கூட்டுக்குள் தள்ளிவிட்டு முறுக்கினால் அசையாது. உள்தட்டு மாதிரி ஃபிரேமில் அலுமினியம் போட்டால், ஃபிரேம் முறுக்கும்போதெல்லாம் கேபினும் சேர்ந்து முறுக்கும். தரைத் தகட்டின் வெல்டிங் விடும், முன் கண்ணாடி கீறும்.

துருப்பிடித்தவன்:
இந்தச் சண்டையைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி ஒரு வேலை செய்தேன். முன் இடது சக்கரத்தை மட்டும் ஜாக்கியில் தூக்கினேன். பின்பெட்டி ஃபிரேமிலேயே போல்ட் போட்டது, கேபின் ரப்பர் மேல் இருப்பது. கேபினின் பின் ஓரத்தையும் பெட்டியின் முன் ஓரத்தையும் ஒட்டி டேப் பிடித்தேன். தரையில் நிற்கும்போது சமமாக இருந்த கோடு கால் அங்குலம் விலகியது. அவ்வளவு முறுக்குகிறது என்று நான் நினைக்கவே இல்லை.

இன்னொன்று தோன்றுகிறது: கேபினுக்கு ரப்பர், ரேடியேட்டர் சட்டத்துக்கு மட்டும் பாலி. சரியாக வருமா?

கெட்டிக்காரன்:
சரி, கால் அங்குலம் என்றால் நானும் அலுமினியத்துக்கு வரமாட்டேன். ஆனால் கலக்காதீர்கள், இதில் நெடுஞ்சாலைக்காரரும் என் பக்கம்தான் வருவார். முன் ஃபெண்டர் ஒரு முனையில் கேபினிலும் மறுமுனையில் ரேடியேட்டர் சட்டத்திலும் மாட்டியிருக்கிறது. ஒரு முனை ஆடி, மறுமுனை ஆடாமல் நின்றால் நடுவில் ஃபெண்டர்தான் இழுபடும்.

நெடுஞ்சாலை:
வருகிறேன். எதைப் போட்டாலும் பழசின் உயரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கேபின் உயர்ந்தால் ஸ்டீயரிங் தண்டின் கோணம் மாறும்; தண்டின் மேல்பாதி கேபினில், ஸ்டீயரிங் பெட்டி ஃபிரேமில். ரேடியேட்டர் சட்டம் உயர்ந்தால், எஞ்சினில் ஓடுகிற ஃபேன், ரேடியேட்டரோடு இருக்கும் அதன் கூண்டை உரசும். அப்புறம், ரப்பரும் பாலியும் மின்சாரம் கடத்தாது. எஞ்சினிலிருந்து கேபினுக்கு எர்த் பட்டை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாமல் மீட்டர் முள் கூத்தாடுவதைப் பார்த்து, சென்சாரை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் உண்டு.

துருப்பிடித்தவன்:
ஆறும் ரப்பராகவே வாங்கிவிட்டேன் அண்ணே. இன்று வலது முன் போல்ட்டில் ஸ்பானர் வைத்தேன். போல்ட் சுற்றியது, மேலே நட்டும் கூடவே சுற்றியது. கம்பளத்தை உரித்து, தரைத் தகட்டை வெட்டிப் பார்த்தால், மவுண்ட் உட்காருகிற தாங்கியில் என் கட்டைவிரல் போகிற ஓட்டை. ரப்பரா பாலியா என்று மூன்று நாள் பேசினோம். உட்கார வைக்கத் தகடே இல்லை.

கெட்டிக்காரன்:
வெல்டிங் மெஷினை எடுப்பதற்கு முன் பேட்டரியையும், அந்த 2004 எஞ்சினின் கம்ப்யூட்டர் பிளக்கையும் கழற்றிவிடுங்கள்.

நெடுஞ்சாலை:
கதவை மட்டும் கழற்றாதீர்கள். சாத்தியபடியே வைத்து, இடைவெளியைப் பார்த்துப் பார்த்து ஒட்டுங்கள். இடது பக்கத்தையும் இன்றே குத்திப் பார்த்துவிடுங்கள்.