ஷூ அணியாமல் வந்தவர் வேலையை மதிக்காதவரா?

கரிசல்காட்டான்:
நேற்று துரைப்பாக்கத்தார் இங்கே எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. பதினோரு ஆண்டுகளாக மென்பொருள் நிறுவனங்களுக்கு ஆள் எடுக்கிறாராம்; நேர்காணலுக்கு ஷூ அணியாமல் வருகிறவர் அந்த வேலையை மதிக்கவில்லை என்பது, அவர் நாற்காலியில் உட்காரும் முன்பே தமக்குத் தெரிந்துவிடும் என்கிறார். 2009இல் சாத்தூர்ப் பக்கத்துக் கிராமத்திலிருந்து இரவுப் பேருந்து ஏறி, கோயம்பேட்டில் கட்டணக் கழிப்பறையில் முகம் கழுவி, அப்பாவின் தோல் செருப்போடு என் முதல் நேர்காணலுக்குப் போனேன். எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன். உள்ளே கேட்கப்பட்டவை இரண்டே கேள்விகள். இரண்டும் என் ஊரைப் பற்றியவை. கேட்டவரின் பார்வை என் காலை விட்டு எழவே இல்லை. அந்த வேலையை நான் மதித்த அளவுக்கு அந்த அறையில் இருந்த வேறு எவரும் மதித்திருக்க மாட்டார்கள்.

துரைப்பாக்கத்தார்:
நான் எழுதியதைத் திரிக்க வேண்டாம். விலை உயர்ந்த ஷூ வேண்டும் என்று எங்கே சொன்னேன்? ஒரு நாளில் நாற்பது பேரைப் பார்க்கிறோம். ஒருவருக்குப் பத்து நிமிடம் கிடைத்தால் அதிகம். அதற்குள் இவர் வாடிக்கையாளர் முன்னால் எப்படி நிற்பார் என்பதை நான் கணித்தாக வேண்டும். விடுதி நண்பரிடம் ஒரு நாளைக்கு ஷூ இரவல் வாங்கும் முயற்சிகூட எடுக்காதவர், வேலைக்கு வந்த பிறகு என்ன முயற்சி எடுப்பார்?

கரிசல்காட்டான்:
இரவல் கொடுக்க எங்கள் விடுதி அறையில் ஷூ வைத்திருந்தவர் யார்? கேள்வியை நேராகவே வைக்கிறேன். ஷூ அணிந்து வந்ததால் நீங்கள் தேர்ந்தெடுத்தவர்களில் எத்தனை பேர் ஓராண்டுக்குள் விலகினார்கள்? கணக்கு வைத்திருப்பீர்களே, சொல்லுங்கள்.

வழக்கேடு:
இந்த வாதம் புதிதல்ல. 1980இல் அஜய் ஹாசியா வழக்கில், ஒருவருக்கு இரண்டு மூன்று நிமிடமே நடந்த நேர்காணலுக்கு மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் ஒதுக்கியதை உச்ச நீதிமன்றம் கண்டித்தது. 15 விழுக்காட்டுக்கு மேல் போனால் அது தன்னிச்சையானது என்றது. மத்திய அரசும் 2016 ஜனவரி 1 முதல் கீழ்நிலைப் பணிகளுக்கு நேர்காணலையே நீக்கிவிட்டது.

துரைப்பாக்கத்தார்:
அது ஸ்ரீநகர்ப் பொறியியல் கல்லூரியின் மாணவர் சேர்க்கை வழக்கு; வேலை வழக்கு அல்ல. சென்ற மாதம் ஆங்கில உச்சரிப்பைப் பற்றிப் பேசியபோதும் தொடர்பில்லாத தீர்ப்பு ஒன்றைக் கொண்டுவந்து வைத்தவர்தான் நீங்கள்.

வழக்கேடு:
பழைய கணக்கைத் தீர்க்க இது இடமல்ல. வேலை வழக்குதான் வேண்டுமென்றால், ஹரியானா குடிமைப் பணித் தேர்வு பற்றிய 1985ஆம் ஆண்டுத் தீர்ப்பைப் படியுங்கள். அங்கே பொதுப் பிரிவினருக்கான நேர்காணல் மதிப்பெண் 12.2 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்றார்கள்.

துரைப்பாக்கத்தார்:
அரசுப் பணிக்குச் சொன்னது அது. தனியார் நிறுவனத்தைக் கட்டுப்படுத்தாது.

யாழ்நரம்பு:
நீங்கள் ஷூவிலேயே நிற்பதால் ஒன்று சொல்கிறேன். அமெரிக்க இசைக்குழுக்கள் ஆள் எடுக்கும்போது வாசிப்பவரைத் திரைக்குப் பின்னால் நிறுத்தும் வழக்கம் 1970களிலும் 80களிலும் பரவியது. சில இடங்களில் தரையில் கம்பளமும் விரித்தார்கள். நடந்து வரும் காலணி ஓசையைக் கேட்டே பெண் என்று கண்டுகொள்ளக்கூடாது என்பதற்காக. 1970இல் அங்குள்ள முதன்மையான ஐந்து குழுக்களில் நூற்றுக்கு 5க்கும் குறைவாக இருந்த பெண்கள், 1997இல் 25 ஆனார்கள். திரை மட்டுமே காரணம் என்று நான் சொல்லவில்லை. பெண் விண்ணப்பதாரர்களும் பெருகியிருந்தார்கள். ஆனால் காதால் எடை போட வேண்டிய கலைக்கே கண் குறுக்கே வந்திருக்கிறது. நகைக்கடை வரவேற்பாளர் வேலைக்குப் போன என்னை, விண்ணப்பத்தைப் பிரிக்காமலே, நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். நான் ஷூ அணிந்துதான் போயிருந்தேன்.

துரைப்பாக்கத்தார்:
நிறம் பார்ப்பது அநியாயம். அதை நான் என்றும் ஆதரித்ததில்லை. நிறம் பிறப்பில் வருவது, ஷூ நாமே தேர்ந்துகொள்வது. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள். வாடிக்கையாளரைச் சந்திக்க வேண்டியவரைத் திரைக்குப் பின்னால் உட்காரவைத்து எடுக்கவும் முடியாது.

கரிசல்காட்டான்:
தேர்ந்துகொள்வதா? 2009இல் என் அப்பாவுக்குத் தீப்பெட்டி ஆலையில் நாள்கூலி. கடையில் நான் விலை கேட்ட ஷூ அவருடைய ஒரு வாரக் கூலிக்கு மேல். அந்தப் பணத்தில்தான் சென்னைக்கு வந்து போகும் பேருந்துச் செலவைப் பார்த்தோம். ஷூவா, பயணமா என்பதில் பயணத்தைத் தேர்ந்துகொண்டோம். அதைத்தான் நீங்கள் அக்கறையின்மை என்று எழுதியிருக்கிறீர்கள். வாடிக்கையாளரைச் சந்திப்பதற்கு ஷூ தேவையென்றால் வேலைக்கான ஆணையோடு சேர்த்து அதையும் சொல்லுங்கள், முதல் மாதச் சம்பளத்தில் வாங்கிக்கொள்வார்கள். என் கேள்விக்கு இன்னும் விடை வரவில்லை: எத்தனை பேர் ஓராண்டுக்குள் விலகினார்கள்?

துரைப்பாக்கத்தார்:
நிறுவனத்தின் உள்கணக்கை இங்கே எழுத எனக்கு அனுமதி இல்லை. ஷூ பற்றி நான் சொன்னதில் மாற்றமும் இல்லை.

கரிசல்காட்டான்:
நிறுவனத்தின் பெயரை நான் கேட்கவில்லை. நூற்றுக்கு எத்தனை பேர் என்று மட்டும் மூன்றாவது முறையாகக் கேட்கிறேன்.