நிறைவேறாத தீர்க்கதரிசனமும் அம்மாவின் பயமும்

2004 டிசம்பர் 26 அன்று, மட்டக்களப்பு நாவலடியில் எங்கள் வீட்டைக் கடல் கொண்டுபோனபோது என் தம்பிக்கு வயது 11. அவனுடைய உடல் கிடைக்கவில்லை. நாங்கள் ஒரு பாடசாலையில் தங்கியிருந்த நாட்களில், வெளியூரிலிருந்து நிவாரணப் பொருட்களோடு வந்த ஓர் ஊழியக்காரர், ஜெபத்தின் நடுவே, "உங்கள் பிள்ளை உயிரோடிருக்கிறான், உயிர்த்த ஞாயிறுக்கு முன் வந்து சேருவான் என்று கர்த்தர் சொல்லுகிறார்" என்று அம்மாவிடம் கூறினார். அதற்கு ஒரு விசுவாசக் காணிக்கை வேண்டும் என்றதும், கையில் எஞ்சியிருந்த இரண்டு காப்புகளையும் அம்மா கழற்றிக் கொடுத்தார்.

உயிர்த்த ஞாயிறு கடந்துபோனது. அவரைத் தேடிச் சென்று கேட்டபோது, வீட்டில் ஒருவர் சந்தேகப்பட்டதால் ஆசீர்வாதம் தடைப்பட்டுவிட்டது என்றார். சந்தேகப்பட்டவள் நான்தான். அம்மா பல மாதங்கள் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. காப்புகள் போனதைவிட எனக்கு வலித்தது அதுதான்.

கேள்வி கேட்டவர்களிடம் அந்த ஊழியக்காரர், கர்த்தர் அபிஷேகம்பண்ணினவர்களைத் தொடக்கூடாது என்ற வேதாகமத்தின் சங்கீத வசனத்தை எடுத்துக் காட்டுவார். 105ஆம் சங்கீதத்தை முழுவதுமாக வாசித்துப் பார்த்தால், சொற்பப் பேராய், பரதேசிகளாய் நாடுவிட்டு நாடு அலைந்த ஆபிரகாமையும் ஈசாக்கையும் யாக்கோபையும் ஒடுக்கவிடாமல் ராஜாக்களைக் கடவுள் கடிந்துகொண்டதைத்தான் அது சொல்லுகிறது என்பது விளங்கும். பாடசாலைத் தரையில் பாய் விரித்துப் படுத்திருந்த எங்களுக்கே அந்த வசனம் அதிகம் பொருந்தியது.

எங்கள் சபைப் போதகர் அதே நாட்களில் வாரந்தோறும் சைக்கிளில் வருவார். "ஐயா, என் மகன் இருக்கிறானா?" என்று அம்மா கேட்டபோது, "எனக்குத் தெரியாது அம்மா, கர்த்தர் எனக்கு ஒன்றும் வெளிப்படுத்தவில்லை" என்று சொல்லிவிட்டு, வெகுநேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். விசுவாசமில்லாத மனிதர் என்று அம்மா அன்று கோபித்துக்கொண்டார்.

அடுத்த ஆண்டு, தான் செய்த ஏதோ குற்றத்தால் சாபம் பிடித்துவிட்டதென்று அம்மா உறக்கமின்றித் தவித்தபோது, போதகர் வேதாகமத்தில் உபாகமம் 18:22ஐத் திறந்து வாசித்தார். கர்த்தரின் பெயரால் சொன்னது நடவாமற்போனால் அது கர்த்தர் சொல்லாத வார்த்தை, அதைத் துணிகரத்தால் சொன்னவனுக்குப் பயப்படவேண்டாம் என்று அங்கே இருக்கிறது. கள்ளத் தீர்க்கதரிசியை இனங்காணும் வசனமாக மட்டுமே நான் அதை அறிந்திருந்தேன். ஏமாந்தவரின் பயத்தை அகற்றுவதற்காகவும் அது எழுதப்பட்டிருக்கிறது என்பதை அம்மாவின் முகத்தைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். தம்பிக்கான நினைவு ஆராதனைக்கு அம்மா அதன் பிறகே சம்மதித்தார்.

அந்தப் போதகரும் பணம் கேட்டவர்தான் என்பதையும் சொல்லவேண்டும். படகு இழந்தவர்களுக்கு வலை வாங்கக் கேட்டார். வந்ததையும் செலவானதையும் எழுதிய கொப்பியை ஆராதனை முடிந்ததும் யாரும் பார்க்கும்படி மேசையில் வைத்தார். முதலாம் நூற்றாண்டின் இறுதியையோ இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தையோ சேர்ந்ததாகக் கருதப்படும் 'டிடாக்கே' என்ற திருச்சபை நூலில் இதே வேறுபாடு காணப்படுகிறது: ஆவியில் பேசுவதாகச் சொல்லித் தனக்குப் பணம் கேட்பவனுக்குச் செவிகொடுக்கவேண்டாம், தேவையிலுள்ள பிறருக்காகக் கேட்டால் அவனை யாரும் நியாயந்தீர்க்கவேண்டாம்.

சில மாதங்களுக்கு முன், கல்லடியில் எங்கள் அயல்வீட்டு ஜெபத்துக்கு வந்த ஓர் இளம் ஊழியர், அந்த வீட்டு மகளுக்கு இவ்வருடமே நல்ல காரியம் நடக்கும் என்றார். அம்மா எழுந்து, "நடக்காவிட்டால் என்ன சொல்லுவீர்கள், தம்பி?" என்று கேட்டார். அவர் சற்று நேரம் பேசாமல் நின்றார். பிறகு, "இதே வீட்டுக்கு வந்து, நான் சொன்னது தவறு என்று சொல்லுவேன், அம்மா" என்றார். அம்மா அந்த ஜெபத்துக்கு இப்போதும் போய்க்கொண்டிருக்கிறார். வருடம் இன்னும் முடியவில்லை.