பேபி பெக்கி: நடிப்பா, அப்பாவின் சொடுக்கா?

ரீல்பெட்டி:
ஹாலிவுட் ஊமைப்படக் குழந்தை நட்சத்திரம் பேபி பெக்கியைப் பற்றி யார் எழுதினாலும் 'ஐயோ பாவம்' என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். அந்தப் பிள்ளையின் திறமை கண்ணில் படாதா? 19 மாதக் குழந்தையாக செஞ்சுரி ஸ்டுடியோவுக்குள் போனவர். 1921இல் பிரௌனி என்ற நாயோடு நடிக்கத் தொடங்கி, 1924க்குள் சுமார் 150 குறும்படங்கள். 'கேப்டன் ஜனவரி' படத்தில் கலங்கரை விளக்கக் கிழவரிடமிருந்து பிரிக்க வரும்போது அந்த முகத்தைப் பாருங்கள். சொல்லிக்கொடுத்து வருவதா அது?

மணல்வீடு:
சொல்லிக்கொடுத்து வந்ததுதான். அப்பா ஜாக் மான்ட்கோமரி, கௌபாய் பட நட்சத்திரம் டாம் மிக்ஸுக்கு டூப் போட்ட கௌபாய். விரலைச் சொடுக்கி "அழு" என்றால் அழ வேண்டும், "சிரி" என்றால் சிரிக்க வேண்டும். மகளிடம் இருப்பது திறமை இல்லை, கீழ்ப்படிதல் என்று அவரே பெருமையடித்துக்கொண்டார். நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு ஆறு நாள் வேலை. பள்ளிக்கூடம் கிடையாது. 1923இல் ஒரு படத்துக்காக எரிகிற அறையிலிருந்து தனியாகத் தப்பி வரச் சொன்னார்கள். வயது நாலுதான்!

ரீல்பெட்டி:
கொடுமைதான், யார் இல்லை என்றது? ஆனால் அதே சொடுக்கை இன்னொரு பிள்ளையிடம் போட்டிருந்தால் வீறிட்டு அழுதிருக்கும், அவ்வளவுதான். கேமரா முன்னால் எப்போது நிற்பது, எப்போது திரும்புவது என்ற கணக்கு இந்தப் பிள்ளைக்குத் தெரிந்திருந்தது. முழுப்பெருமையையும் அப்பாவுக்கே கொடுப்பதும் அநியாயம்தானே?

டிக்கெட்கவுன்டர்:
நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். காசு என்ன ஆச்சு?

மணல்வீடு:
அதைக் கேளுங்க. 1923இல் ஆண்டுக்கு 15 லட்சம் டாலர் என்று ஒப்பந்தம். அவ்வளவும் பெற்றோர் கையில். கார், வீடு, செலவு. மிச்சத்தைச் சொந்தக்காரர் ஒருவர் சுருட்டினார். பிள்ளை பேரில் ஒரு டாலர் ஒதுக்கவில்லை. 1925இல் சம்பளத் தகராறில் தயாரிப்பாளர் சால் லெஸ்ஸரோடு அப்பா முட்டிக்கொண்டார். ஒப்பந்தம் ரத்து. அப்புறம் ஊமைப்படத்தில் 1926இல் ஒரே ஒரு சின்ன வேடம். சண்டை போட்டது அப்பா, வேலை போனது ஆறு வயதுப் பெண்ணுக்கு. வீட்டுக்குச் சோறு போட வாடிவில் என்ற ஆட்டம் பாட்டு நகைச்சுவை மேடைகளில் ஊர் ஊராக ஆடினாள். குழந்தை நடிகர்களின் வருமானத்தைக் காக்க கலிபோர்னியாவில் சட்டம் வந்ததே 1939இல்தான், அதுவும் இன்னொரு குழந்தை நட்சத்திரமான ஜாக்கி கூகன் தன் அம்மா, மாற்றாந்தகப்பன் மேல் வழக்குப் போட்ட பிறகு.

டிக்கெட்கவுன்டர்:
சரி, அந்த 150 படங்களை எங்கே பார்ப்பது?

ரீல்பெட்டி:
பெரும்பாலானவை அழிந்துவிட்டன. 1926இல் செஞ்சுரி ஸ்டுடியோவே தீப்பிடித்தது. 'கேப்டன் ஜனவரி' இருக்கிறது, சில குறும்படங்களும் கிடைக்கின்றன.

மணல்வீடு:
கைக்குக் கிடைத்த நாலைந்தை வைத்துத்தான் இத்தனை சான்றிதழா? டயானா செர்ரா கேரி என்ற பெயரில் அவரே தன் கதையைப் புத்தகமாக எழுதியிருக்கிறார். குழந்தை நடிகர்களின் உரிமைக்காகவும் பேசியவர். 2020இல், 101 வயதில் போனார். முதலில் அவர் சொன்னதைப் படியுங்கள்.

ரீல்பெட்டி:
படித்துவிட்டுத்தான் பேசுகிறேன். நீங்கள் படத்தைப் பார்த்துவிட்டு வாருங்கள்.